மூச்சை அடக்காதே! – கடலடி வழிகாட்டியின் முதல் பாடம்



மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை நீங்கள் நேரிலோ படத்திலோ பார்த்திருப்பீர்கள். 1906ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அந்தக் கோபுரத்தின் உயரம் 120 அடி. அதாவது ஏறத்தாழ 37 மீட்டர். அதைப் பார்த்தவாறு ஒரு கற்பனை செய்யுங்கள். கோபுரத்தின் உச்சிக் கலசம் வரை கடல்நீர் நிரம்பி நிற்கிறது. நீங்கள் கலசத்தின் அருகே நீர்மட்டத்தில் மிதக்கிறீர்கள். அங்கிருந்து மெல்ல இறங்கி, வாசற்படியைத் தொட்டுவிட்டு, மறுபடியும் மேலே வர வேண்டும். உங்களோடு நான்கு பேர் வருகிறார்கள். நால்வரும் மூழ்குவதில் பயிற்சி பெற்றவர்களே. ஆனால் இந்தக் கடலுக்குப் புதியவர்கள். அவர்களைப் பத்திரமாக அழைத்துச் சென்று, பத்திரமாகத் திரும்ப அழைத்து வருவது உங்கள் பொறுப்பு.

இதுதான் கடலடி வழிகாட்டியின் வேலை. மாலத்தீவு, தாய்லாந்து, செங்கடலின் எகிப்தியக் கரை, இலங்கையின் திருகோணமலை முதலிய இடங்களில் இத்தொழிலைக் கற்றுக்கொள்ளப் பல நாட்டு இளைஞர்களும் போகிறார்கள். நம் நாட்டு இளைஞர்களும் போகிறார்கள். சாந்தோம் கடற்கரையில் அலைகளைப் பார்த்து வளர்ந்த ஒரு மாணவருக்கும் இப்படி ஓர் ஆசை எழலாம் அல்லவா?

அப்படிப் போகிறவர் முதன்முதலில் கற்றுக்கொள்வது எது? நீச்சலா? வெளிநாட்டு மொழியா? இரண்டும் வேண்டியவைதாம். ஆனால் எந்த நாட்டில், எந்த ஆசிரியரிடம் சேர்ந்தாலும் முதல் நாள் காதில் விழும் விதி ஒன்றே: ‘ஒருபோதும் மூச்சை அடக்காதே!’

இது வியப்பாக இல்லையா? தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தும்போது மூச்சை அடக்கத்தானே நாம் பழகியிருக்கிறோம்? அந்தப் பழக்கம் ஏன் இங்கே உயிருக்கே ஆபத்தாகிறது? இதற்கு விடை உங்கள் வேதியியல் பாடப் புத்தகத்தில் வாயுக்களைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. அதைத்தான் இப்போது காணப் போகிறோம்.

முத்துக் குளித்தவர்கள் செய்தது

கடலுக்குள் மூழ்கும் வேலை தேடிக் கடல் கடந்து போவது தமிழருக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவின் அடியில் முத்துச் சிப்பிகள் வளரும் மேடான பகுதிகளைப் ‘பார்’ என்பார்கள். சிப்பிகள் முதிர்ந்த ஆண்டுகளில் நடைபெறும் முத்துக்குளிப்புக்குச் ‘சலாபம்’ என்று பெயர். தூத்துக்குடி, கீழக்கரைப் பகுதிக் குளியாட்கள் நம் கரையில் மட்டும் மூழ்கவில்லை. இலங்கையின் அரிப்பு, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களில் சலாபம் கூடியபோதெல்லாம் தோணியேறி அங்கேயும் போனார்கள். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களே கடைசியானவை.

குளியாளிடம் இருந்த கருவிகள் மிகச் சில: வேகமாக இறங்க ஒரு கல், சிப்பிகளைப் போட ஒரு வலைப்பை, மேலே இழுக்க ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையைத் தோணியில் நிற்பவர் பிடித்திருப்பார். நீரின் மேலே நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு, அதாவது ஏறத்தாழ 9 முதல் 18 மீட்டர் வரை, குளியாள் இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் கீழே இருந்து, கைக்கு அகப்பட்ட சிப்பிகளை அள்ளிக்கொண்டு மேலே வருவார். அந்த நேரம் முழுவதும் அவர் மூச்சை அடக்கியே இருப்பார்.

அவர் மூச்சை அடக்கினார். அவருடைய நுரையீரல் வெடிக்கவில்லை. காற்று உருளையைச் சுமந்து போகிறவர் அதையே செய்தால் வெடிக்கலாம்! இருவருக்கும் என்ன வேறுபாடு?

முதல் விதி: பாயில்

நம் தலைக்கு மேலுள்ள காற்று மண்டலம் முழுவதும் நம்மை அழுத்திக்கொண்டிருக்கிறது. இதை 1 வளிமண்டல அழுத்தம் என்கிறோம். காற்றைவிட நீர் பல நூறு மடங்கு அடர்த்தியானது. ஆகவே கடலில் வெறும் 10 மீட்டர் இறங்கினாலே இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடிவிடுகிறது. நம் கற்பனைக் கோபுரத்தில் கலசத்திலிருந்து இறங்கினால் அழுத்தம் இப்படி ஏறும்:

நீர்மட்டத்தில் – 1 வளிமண்டலம்
10 மீட்டரில் – 2 வளிமண்டலம்
20 மீட்டரில் – 3 வளிமண்டலம்
30 மீட்டரில் – 4 வளிமண்டலம்
37 மீட்டரில், வாசற்படியில் – 4.7 வளிமண்டலம்

வெப்பநிலை மாறாதிருக்கும்போது, குறிப்பிட்ட அளவு வாயுவின் கன அளவு அதன் அழுத்தத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. அழுத்தம் இரண்டு மடங்கானால் கன அளவு பாதியாகும். நான்கு மடங்கானால் கால் பங்காகும்.

செய்து பாருங்கள்: ஊசி பொருத்தாத புதிய சிரிஞ்சு ஒன்றை எடுத்து, தண்டைப் பாதி வரை இழுங்கள். முனையை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு தண்டை அழுத்துங்கள். உள்ளேயுள்ள காற்று சுருங்கும். கையை எடுத்தால் தண்டு திரும்பி வரும். சுருங்கிய காற்று, அழுத்தம் குறைந்ததும் பழைய அளவுக்கு விரிகிறது. அதைவிடக் கூடுதலாக விரிவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முத்துக் குளிப்பவரின் நுரையீரலும் இந்தச் சிரிஞ்சு போன்றதே. நீர்மட்டத்தில் அவர் 6 லிட்டர் காற்றை இழுத்தார் என்று கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் அது 3 லிட்டராகச் சுருங்கும். 18 மீட்டரில், அதாவது 2.8 வளிமண்டல அழுத்தத்தில், 2 லிட்டரைச் சற்றே தாண்டும். மேலே வரும்போது மறுபடியும் 6 லிட்டராகும். மேலிருந்து கொண்டுபோன காற்றே திரும்பி வருகிறது. ஆகவே நுரையீரலின் கொள்ளளவை அது மீறுவதில்லை.

குழாய் வழியே சுவாசிக்கலாமா?

திரைப்படங்களில் கதாநாயகன் பகைவருக்கு ஒளிந்து, குளத்துக்குள் மூழ்கி, நாணல் தண்டு ஒன்றின் வழியே சுவாசித்துக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். தண்டை நீளமாக்கிக்கொண்டே போனால் கடலடியிலும் அப்படி இருக்கலாமே என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர்மீதும் 1000 கிலோகிராம் எடையுள்ள நீர் அழுத்துகிறது. நம் மார்பின் முன்பரப்பைச் சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 100 கிலோ ஆகிறது. மார்பின்மேல் ஒரு மூட்டை அரிசியை வைத்துக்கொண்டு மூச்சை இழுப்பது போன்ற நிலை இது! குழாயில் வருவதோ வெறும் 1 வளிமண்டல அழுத்தமுள்ள காற்று. நீரின் அழுத்தத்தை எதிர்த்து மார்பை விரிக்க அதனால் முடியாது.

ஆகவே, சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அதே அழுத்தத்தில் காற்றைத் தரும் கருவி வேண்டும். இழுக்கும்போது மட்டும் தர வேண்டும். இல்லையேல் உருளை விரைவில் காலியாகிவிடும். பிரான்சு நாட்டில் 1943இல் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்ற பொறியாளரும் இத்தகைய ஒரு வால்வை வெற்றிகரமாகச் செய்தார்கள். போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் மோட்டார் வண்டிகளை வாயுவால் ஓட்டுவதற்காகக் கான்யான் அமைத்திருந்த வால்வே அதற்கு வழிகாட்டியது. மூழ்குபவர் தன்னுடனே சுமந்து செல்லும் இந்தச் சுவாசக் கருவியைத்தான் ‘ஸ்கூபா’ என்கிறோம். உருளையில் அடைத்திருப்பது சாதாரணக் காற்றுதான். பலர் எண்ணுவது போல வெறும் ஆக்சிஜன் அன்று.

இப்போது வேறுபாட்டைக் கவனியுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் ஸ்கூபா அணிந்தவர் 6 லிட்டர் காற்றை இழுக்கிறார். அந்த 6 லிட்டரும் 2 வளிமண்டல அழுத்தத்தில் உள்ளது. திடீரென்று பயந்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்கிறார் என்று கொள்வோம். நீர்மட்டத்தில் அந்தக் காற்று 12 லிட்டராக விரிய முயலும். 6 லிட்டர் கொள்ளும் நுரையீரலில் 12 லிட்டர் எப்படி அடங்கும்? மெல்லிய நுண்ணறைகள் கிழியும். காற்றுக் குமிழ்கள் இரத்தத்தில் புகுந்து மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டால், நீர்மட்டத்தை எட்டிய சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. 40 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்கு வந்தால் காற்று ஒன்றேகால் மடங்காக மட்டுமே விரியும். 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால் இரண்டு மடங்காகும். ஆழத்தில்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். விரிவைப் பொறுத்தவரை ஆபத்து மிகுந்த இடம் கோபுரத்தின் அடிவாசல் அன்று. கலசத்துக்குக் கீழேயுள்ள கடைசிப் பத்து மீட்டரே. நிறைந்த நுரையீரலோடு மூச்சை அடக்கியவருக்கு ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து எழுவதுகூடப் போதும். நீச்சல் குளத்தில் பழகும்போதே ஆசிரியர் இந்த விதியை வற்புறுத்துவது இதனால்தான். சுவாசித்துக்கொண்டே வந்தால், கூடுதலான காற்று ஒவ்வொரு மூச்சிலும் தானாகவே வெளியேறிவிடும்.

காற்றுக் கணக்கு

பாயில் விதி வழிகாட்டிக்கு ஒரு கணக்கையும் கற்றுத் தருகிறது. 12 லிட்டர் உருளையில் 200 வளிமண்டல அழுத்தத்தில் காற்று அடைத்தால், நீர்மட்ட அளவில் அது 2400 லிட்டர். இதில் 50 வளிமண்டல அளவை, அதாவது 600 லிட்டரை, அவசரத்துக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். மீதி 1800 லிட்டர். ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசித்தால், நீர்மட்டத்தில் இது 90 நிமிடம் வரும். 30 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் நான்கு மடங்கு அடர்த்தியானது; நிமிடத்துக்கு 80 லிட்டர் செலவாகும். ஆகவே காற்று 22 நிமிடத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

புதியவர் ஒருவர் பயத்தால் வேகமாக மூச்சுவிட்டால் இதுவும் பாதியாகலாம். அதனால்தான் வழிகாட்டி தன் உருளையின் அளவுமானியை மட்டும் பார்ப்பதில்லை. உடன் வருவோரின் அளவுமானிகளையும் அடிக்கடி கேட்டறிகிறார்.

இரண்டாம் விதி: ஹென்றி

கோலி சோடா குடித்திருக்கிறீர்களா? கோலியை அழுத்தியவுடன் ‘புஸ்’ என்று குமிழ்கள் பொங்கும். அடைத்திருந்தவரை அவை எங்கே இருந்தன? நீரில் கரைந்திருந்தன. ஒரு திரவத்தில் வாயு கரையும் அளவு, அதன்மேலுள்ள அந்த வாயுவின் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1803இல் வில்லியம் ஹென்றி கண்டறிந்தார். அழுத்தம் சட்டென்று குறைந்தால், கரைந்தது குமிழாகப் பிரியும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் அது மிகுதியாகக் கரைகிறது. எவ்வளவு ஆழமோ, எவ்வளவு நேரமோ, அவ்வளவு கரையும். ஒருவர் சட்டென்று மேலே வந்தால் அவர் உடலே திறந்த சோடாப் புட்டி போல ஆகிவிடும்! மூட்டுகளில் குமிழ் தங்கினால் தாங்க முடியாத வலி. தண்டுவடத்தில் தங்கினால் கால்கள் செயலிழக்கும்.

இந்த நோய் முதலில் பெருமளவில் வெளிப்பட்டது, அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் இறங்கிப் பாலத்துக்கு அடித்தளம் தோண்டிய தொழிலாளரிடம். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் இந்த நோயால் முடங்கிப் போனார். அவருடைய மனைவி எமிலி கணவரின் கட்டளைகளைக் கட்டுமான இடத்துக்குக் கொண்டுசென்று வேலையை நடத்தினார். 1883இல் பாலம் திறக்கப்பட்டது. நோய்க்குக் காரணம் நைட்ரஜன் குமிழ்களே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878இல் தம் நூலில் விளக்கினார்.

தடுக்கும் வழியைக் காட்டியவர் பிரிட்டிஷ் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன். அவரும் துணைவர்களும் வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்தார்கள். அழுத்தத்தை வேகமாகக் குறைத்தபோது, வலியால் ஆடுகள் காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. படிப்படியாகக் குறைத்தபோது பெரும்பாலும் நலமாக இருந்தன. 1908இல் அவர்கள் வெளியிட்ட அட்டவணையே, பின்னர் வந்த எல்லா அட்டவணைகளுக்கும் முன்னோடி. இன்று மூழ்குவோர் மணிக்கட்டில் கட்டும் சிறு கணிப்பொறிகளும் இதே முறையில் கணக்கிடுகின்றன.

இன்றைய நடைமுறை என்ன? நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேற்படாமல் எழ வேண்டும். 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அதாவது நம் கோபுரத்தின் வாசலிலிருந்து கிளம்பியவர், கலசம் எட்டிவிடும் தூரத்தில் தெரிந்தாலும், அதற்குக் கீழே பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். சோடாவின் மூடியை மெல்ல மெல்லத் திறப்பது போன்றது இது.

வெளிநாட்டில் பயில்கிறவர் மறக்கக் கூடாத விதி ஒன்றும் இதிலிருந்து பிறக்கிறது. கடைசி நாள் காலையில் மூழ்கிவிட்டு, மாலை விமானத்தில் ஊர் திரும்பக் கூடாது. பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம், ஏறத்தாழ 2400 மீட்டர் உயரமுள்ள மலைமேல் இருக்கும் அளவுக்குக் குறையலாம். உடலில் மிஞ்சியிருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழாகப் பிரியலாம். ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும்.

மூன்றாம் விதி: டால்டன்

கலவை வாயுவின் மொத்த அழுத்தம், அதிலுள்ள ஒவ்வொரு வாயுவின் பகுதி அழுத்தங்களின் கூடுதலுக்குச் சமம். இது டால்டனின் விதி. 30 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு வாயுவின் பகுதி அழுத்தமும் நான்கு மடங்காகிறது. நைட்ரஜன் அப்படிப் பெருகும்போது மூளை மயங்கத் தொடங்கும். குடித்தவர் போலச் சிலர் சிரிப்பார்கள். அளவுமானியைப் பார்த்தும் பொருள் புரியாமல் விழிப்பார்கள். சில மீட்டர் மேலே வந்தால் மயக்கம் தெளியும். பொழுதுபோக்காக மூழ்குவோருக்கு 40 மீட்டரை எல்லையாக வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நஞ்சுக்கும் இந்த விதி பொருந்தும். உருளைக்குக் காற்றடைக்கும் பொறி, எஞ்சின் புகைக்கு அருகே காற்றை இழுத்தால் கார்பன் மோனாக்சைடு கலந்துவிடும். அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும் வாயு. தரையில் தலைவலியோடு போகக்கூடிய அளவுகூட, 30 மீட்டரில் நான்கு மடங்கு வேகத்தோடு தாக்கும். காற்றடைக்கும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பது, பயிலுநரின் சில்லறை வேலை அன்று. உயிர் காக்கும் வேலை.

நம் கடலில் நடப்பது

மூன்று விதிகளையும் படித்துவிட்டோம். இனி மன்னார் வளைகுடாவுக்குத் திரும்புவோம்.

முத்துச் சலாபம் நின்றுவிட்டாலும், சங்கு குளிக்கும் தொழில் தூத்துக்குடிப் பக்கம் இன்றும் நடக்கிறது. ஆனால் மூழ்கும் முறை மாறிவிட்டது. பலர் படகில் காற்றழுத்தும் பொறியை வைத்து, நீண்ட குழாய் வழியே சுவாசித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். இலங்கையின் வட கடலில் கடலட்டையும் சங்கும் எடுப்போர் உருளைகளைச் சுமந்து மூழ்குகிறார்கள்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். மூச்சை அடக்கி ஒரு நிமிடம் மூழ்கிய தாத்தாவின் உடலில் நைட்ரஜன் மிகுதியாகக் கரைய நேரமே இல்லை. நீண்ட நேரம் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும் பேரனின் உடலிலோ அது நிறையக் கரைகிறது. கடல் அதே கடல்; பாரும் அதே பார். உடலுக்குள் நடக்கும் இயற்பியல் மட்டும் மாறிவிட்டது. கருவி கைக்கு வந்தது; அதற்குரிய பாடம் பலருக்கு வரவில்லை. அட்டவணை இல்லாமல், ஆழமானி இல்லாமல், நாளெல்லாம் மூழ்கி எழுந்து, மூட்டு வலியோடு தொடங்கிக் கால் முடங்கிப் போனவர்கள் உண்டு, உயிரிழந்தவர்களும் உண்டு. அவர்களிடம் துணிவுக்கும் திறமைக்கும் குறைவில்லை. நீங்கள் இப்போது படித்த மூன்று விதிகளை அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லித் தர ஆள் இல்லை.

ஆகவே வெளிநாடு சென்று இந்தத் தொழிலைக் கற்பது பிழைப்புக்கு மட்டும் உரியதன்று. கற்றவர் ஊருக்குக் கொண்டுவரக்கூடிய மிகப் பெரிய செல்வம் இந்தப் பாடமே.

பயிலுநரின் பாதை

இத்துறையில் சான்றிதழ் தரும் அமைப்புகள் பல. 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘பாடி’ அவற்றுள் பெரியது. அதன் முறைப்படி முதற்படியான ‘ஓபன் வாட்டர்’ பயிற்சியை 10 வயது முதலே, சிறுவர்களுக்குரிய கட்டுப்பாடுகளோடு பெறலாம். முழுச் சான்றிதழ் 15 வயது நிறைந்தவருக்கு. அவர் 18 மீட்டர் வரை மூழ்கலாம். அடுத்த படியில் 30 மீட்டர் வரை போகலாம். அதன்பின் மீட்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும். இவற்றை முடித்து, 18 வயது நிறைந்து, 40 முறை மூழ்கிய பதிவும் மருத்துவரின் சான்றும் இருந்தால், ‘டைவ்மாஸ்டர்’ எனப்படும் வழிகாட்டிப் பயிற்சியில் சேரலாம். அதை முடிப்பதற்குள் 60 முறை மூழ்கியிருக்க வேண்டும்.

நீச்சல் தேர்வுகளும் உண்டு. கருவி எதுவுமின்றி 400 மீட்டர் நீந்துவது. 15 நிமிடம் மிதப்பது. முகமூடியும் துடுப்புக் காலணியும் அணிந்து 800 மீட்டர் நீந்துவது. களைத்துப் போன ஒருவரை 100 மீட்டர் இழுத்துச் செல்வது. இவற்றுக்கு நேரத்தை அளந்து மதிப்பெண் தருவார்கள்.

பயிலுநரின் நாள் கடலுக்குள் தொடங்குவதில்லை. விடியற்காலையில் உருளைகளைச் சோதிப்பது, படகில் ஏற்றுவது, பெயர்களைப் பதிவு செய்வது, முதலுதவி ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை அவர் பொறுப்பு. கடலுக்குள் கையால் பேச வேண்டும். கட்டை விரலை உயர்த்தினால் நாம் ‘நன்று’ என்று எண்ணுவோம். அங்கே அதற்கு ‘மேலே போவோம்’ என்பது பொருள். ஆட்காட்டி விரலும் கட்டை விரலும் சேர்ந்த வட்டமே ‘நலம்’ என்பதைக் குறிக்கும்.

எல்லாவற்றிலும் எளியதும் முக்கியமானதும் தலைகளை எண்ணுவது. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டருகே மூழ்கிய ஒரு தம்பதியை விட்டுவிட்டு, படகு கரைக்குத் திரும்பிவிட்டது. இரண்டு நாட்களுக்குப் பிறகே அது தெரியவந்தது. இருவரும் கடைசிவரை கிடைக்கவில்லை. இறங்கியவர் எத்தனை பேர், ஏறியவர் எத்தனை பேர் என்ற ஒன்றாம் வகுப்புக் கணக்கு அன்று சரியாகப் பார்க்கப்படவில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. கற்பவரே கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது பெரும்பாலான நாடுகளில் சட்டத்துக்கு மாறானது. ‘வேலையும் பயிற்சியும் தருகிறோம்’ என்பவரிடம் எல்லா விவரங்களையும் எழுத்தில் வாங்கி, பெற்றோரோடு கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

இப்போதே செய்யக்கூடியவை

நீச்சலை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியர் உடனில்லாமல் குளத்திலோ கடலிலோ மூச்சடக்கிப் பார்க்காதீர்கள். நினைவிழந்து மூழ்கிவிட வாய்ப்புண்டு. ஆஸ்துமா, காது நோய், வலிப்பு இருந்தவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசப் பழகுங்கள். வாயு விதிகளை மனப்பாடம் செய்யாமல், புரிந்துகொண்டு கணக்குப் போடுங்கள்.

இந்தப் படிப்பு வழிகாட்டித் தொழிலோடு முடிவதில்லை. மாமல்லபுரத்தின் கரையருகே 2002இல், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கட்டட இடிபாடுகளை ஆராய்ந்தவர்கள் மூழ்கத் தெரிந்த தொல்லியல் ஆய்வாளர்கள். மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகளை மீண்டும் வளர்ப்பவர்களும் மூழ்கத் தெரிந்த உயிரியலார். கடலடி அறிவு வேண்டிய துறைகள் நம் கரையிலேயே காத்திருக்கின்றன.

அடுத்த முறை மயிலாப்பூர் மாட வீதியில் நடக்கும்போது, கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். கலசத்திலிருந்து வாசல் வரை ஒவ்வொரு பத்து மீட்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். இறங்குவதற்குத் துணிவு போதும். திரும்பி வருவதற்கு அறிவு வேண்டும். மற்றவரையும் அழைத்து வருவதற்குப் பொறுமையும் வேண்டும்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. மேலே சொன்ன 12 லிட்டர் உருளையோடு, நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 20 மீட்டர் ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம்? (50 வளிமண்டல அளவை ஒதுக்கிவிடுங்கள்.)
2. தூத்துக்குடிக் கடலில் பலமுறை மூழ்கி எழுந்தவர், அன்றே காரில் கொடைக்கானல் போகலாமா?
3. ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம். 1800 லிட்டரைச் சுவாசித்து முடித்தவரின் உருளை எவ்வளவு எடை குறைந்திருக்கும்? 5 மீட்டரில் நிற்கும்போது இதனால் அவருக்கு என்ன தொல்லை?

விடைகள்: 1. நிமிடத்துக்கு 60 லிட்டர் செலவாகும். ஆகவே 30 நிமிடம். 2. கூடாது, கொடைக்கானல் 2000 மீட்டருக்கும் மேல் உயரமானது, அங்கே காற்றழுத்தம் குறைவு, விமானத்துக்குரிய காரணமே இதற்கும் பொருந்தும். 3. ஏறத்தாழ 2.2 கிலோ, உடல் இலேசாகி மேலே மிதக்கப் பார்க்கும், ஆகவே இதைக் கணக்கிட்டே இடுப்பில் ஈயக் கட்டிகளை அணிகிறார்கள்.